பன்றியைக் காப்பாற்ற ஓர் உத்தரவு

பணி ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளரை மாடு வைத்திருப்பவர்களே மறந்துவிடுவார்கள். போடியில் என்னையும் அப்படித்தான் நிம்மதியாக மறந்திருந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் பண்ணைப் பன்றிகளுக்கு ஆப்பிரிக்கக் காய்ச்சல் கண்டிருக்கிறது என்று செய்தி வந்ததும் என் கைப்பேசிக்குத் திடீரென்று மவுசு வந்துவிட்டது. போடிமெட்டில் நின்று வண்டிச் சக்கரங்களுக்கு மருந்தடிக்கும் இளைய ஆய்வாளர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் கூப்பிடுகிறார்கள்.

“சார், இது மனுசனுக்கு ஒட்டுமா?”

“ஒட்டாதுப்பா. இது பன்னிய மட்டும்தான் கொல்லும்.”

“அப்ப முன்னாடி ஒண்ணு வந்துச்சே, பன்னிக் காய்ச்சல்னு?”

“அது வேற. அது மனுசனுக்கு வர்ற சளிக் காய்ச்சல்.”

“பன்னிகிட்ட இருந்தா சார் வந்துச்சு?”

இந்த இடத்தில் நான் கொஞ்சம் யோசிப்பேன். லைன் போய்விட்டது என்று நினைத்து அவர்கள் வைத்துவிடுவார்கள். அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

எங்கள் பயிற்சியில் மாட்டுக்குப் பல மாதம், ஆட்டுக்கும் கோழிக்கும் சில வாரம், பன்றிக்கு ஒரு மத்தியானம். அந்த மத்தியானமும் பாடம் எடுத்தவர் கரும்பலகையில் ஒரு பன்றியை வரைந்துவிட்டு, மீதி அனுபவத்தில் வரும் என்று கையிலிருந்த சாக்பீஸ் தூளை உதறிவிட்டுப் போனார். வேலைக்கு வந்த பிறகும் நிலைமை மாறவில்லை. ஊரில் எங்கள் மருத்துவமனைக்கு மாட்டாஸ்பத்திரி என்றுதான் பெயர். பன்றி வளர்ப்பவர்கள் அதன் வாசலுக்கு வருவதில்லை. நானே கொட்டிலுக்குப் போய் வந்தால், அன்று மட்டும் என் மனைவி என்னைக் கொல்லைப்புறமாக வரச் சொல்வாள். அரசாங்க வேலையில் எனக்கு அது ஒன்றுதான் தனி மரியாதை.

பிறகு பன்றிக் காய்ச்சல் என்ற பெயர் நாட்டில் முதன்முதலாக அடிபட்டது. ஒரே வாரத்தில் நான் ஊருக்கு வேண்டியவனாகிவிட்டேன். டீக்கடையில் எனக்கு ஸ்டூல் போட்டார்கள். ஆனால் ஸ்டூலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார்கள். கற்பூரத்தையும் ஏலக்காயையும் துணியில் முடிந்து முகர்ந்துகொண்டே இருந்தால் காய்ச்சல் அண்டாது என்று யாரோ கிளப்பிவிட, ஏலக்காய் விற்கிற ஊரில் அந்த வைத்தியத்துக்கு எதிராக யார் வாயைத் திறப்பார்கள்? ஊரே முடிச்சும் கையுமாக அலைந்தது. பஸ் ஸ்டாண்டில் நிலவேம்புக் கசாயம் கொடுத்தார்கள். கூட்டத்தில் இடித்துப் பிடித்து நின்று, முன்னால் இருப்பவர் முதுகில் இருமி, இரண்டு தம்ளரை மாற்றி மாற்றி எல்லோரும் குடித்து, காய்ச்சலைத் தடுத்துக்கொண்டார்கள்.

இதே ஊரிலிருந்து தினமும் விடியும் முன் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்புகள் மலையேறுகின்றன. பெண்கள் ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறையாக ஏறுவார்கள். பின்னால் தொங்குகிறவர்கள் தனிக் கணக்கு. குளிர் அடிக்காமல் இருக்கப் படுதாவை நாலு பக்கமும் இறக்கிக் கட்டிவிடுவார்கள். உள்ளே ஒருத்தி தும்மினால் அது வெளியே போக வழியே கிடையாது. அந்த ஜீப்பைப் பார்த்து ஒருவரும் பயப்படவில்லை. சிலமலை ரோட்டில் முருகேசனின் பன்றிக் கொட்டிலைத் தாண்டும்போது மட்டும், உள்ளே இருந்த அத்தனை பேரும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

முருகேசன் என்பவர் அந்த ஓடைக்கரையில் பரம்பரையாகப் பன்றி வளர்த்தவர். போடி ஓட்டல்களின் மிச்சத்தைச் சேகரித்து வந்து கொதிக்க வைத்துத் தீனி போடுவார். அதிகம் பேசமாட்டார். பேசவேண்டியதையெல்லாம் அவர் மனைவி பேச்சி பேசிவிடுவாள். அவள் பகலில் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போவாள். மற்ற நேரமெல்லாம் பன்றிகளோடுதான் பொழுது. நெற்றியில் வெள்ளைத் திட்டு உள்ள ஒரு பெட்டைப் பன்றியைத் தாய் செத்த பிறகு பால் புட்டியில் வளர்த்து ஆளாக்கியிருந்தாள். அதற்குப் பொட்டுக்காரி என்று பெயர். நான் சொல்லும் சமயத்தில் பொட்டுக்காரி சினையாக இருந்தது. பேச்சியும் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள்.

மேலிடத்திலிருந்து பன்றிகளின் மூக்குச் சளியை எடுத்து அனுப்பும்படி உத்தரவு வந்தது. எடுக்க வந்தவர் எங்கள் உதவி இயக்குநர். அலுவலகத்தில் அவரைப் பெரிய டாக்டர் என்போம். குரலை உயர்த்தவே மாட்டார். எதைச் சொன்னாலும் டைப் அடிக்கச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொல்வார். விலங்குகளை ‘நம்ம ஜீவன்கள்’ என்பார். மனிதர்களில் அவருக்குத் தெரிந்தது ஒரே வகைதான்: உரிமையாளர். மாடு முட்டிக் குடல் சரிந்த ஒருவரை ஒருமுறை எங்கள் வாசலில் கொண்டுவந்து போட்டபோதும், “உரிமையாளருக்குக் காயம்” என்றுதான் சொன்னார். கை கழுவுவது மட்டும் ஒரு பூஜை. முழங்கை வரை நுரை, நகக்கண்ணில் பிரஷ், பிறகு மறுபடியும் முதலிலிருந்து.

அன்று காலை நாங்கள் வெள்ளை உடுப்பும் முகக்கவசமும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு கொட்டிலுக்குள் இறங்கியபோது, ரோட்டில் ஊர் கூடிவிட்டது. பன்றியிடமிருந்து தூரமாக, ஒருவரோடு ஒருவர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

பன்றி மூக்கில் சளி எடுப்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். இதற்கு யாரும் பாடம் எடுக்கப் போவதில்லை. கயிற்றுச் சுருக்கை அதன் வாய்க்கு முன்னால் ஆட்டினால் அது கடிக்க வரும். கடிக்கும்போது சுருக்கு மேல்தாடையில், கோரைப்பல்லுக்குப் பின்னால் விழ வேண்டும். விழுந்ததும் நாம் இழுக்கக் கூடாது. பிடித்துக்கொண்டு நின்றால் போதும். பன்றியை எந்தப் பக்கம் இழுத்தாலும் அது எதிர்ப் பக்கம்தான் போகும். ஆகவே அதுவே பின்னுக்கு இழுத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். காது கிழியக் கத்தும். அந்தக் கத்தலுக்குப் பதறாமல், பஞ்சு சுற்றிய நீளக் குச்சியை மூக்குத் துளைக்குள் விட்டு, உட்சுவரைத் தொட்டு மெதுவாகச் சுழற்றி எடுத்து, இளஞ்சிவப்புத் திரவம் உள்ள குழாயில் முறித்துப் போட்டு, மூடி, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். இத்தனையும் முடியும்வரை உங்கள் முகத்துக்கு நேரே அது மூச்சு விடும், தும்மும்.

ஆகவே, பன்றியோடு இருப்பவர்களுக்கு ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. பன்றிக்கும் சளிக்காய்ச்சல் வரும். நாய் குரைப்பதுபோல இருமும், தீனி எடுக்காது, ஒண்டிப் படுத்துக்கொள்ளும். அப்போது பக்கத்தில் போகிறவருக்கு ஒட்டலாம். முகக்கவசம் போடுங்கள், கையைக் கழுவுங்கள். கர்ப்பிணிகளையும் கிழடுகளையும் கொட்டிலுக்குள் விடாதீர்கள். வெந்த கறியால் ஒன்றும் வராது. இதற்குமேல் ஒன்று உண்டு: பன்றி நமக்குக் கொடுப்பதுபோல நாமும் பன்றிக்குக் கொடுப்போம். இதை மட்டும் எந்தக் கூட்டத்தில் சொன்னாலும் சிரித்தார்கள்.

எல்லாப் பன்றிக்கும் முடிந்து, பொட்டுக்காரி மட்டும் பாக்கி. சினைப் பன்றிக்குச் சுருக்குப் போடக் கூடாது என்றார் பெரிய டாக்டர். முருகேசன் பக்கத்தில் போனார். அது அவரைச் சுவரோடு வைத்து நசுக்கப் பார்த்தது.

“அவ சொன்னாத்தான் சார் கேக்கும்.”

“அப்ப கூப்பிடுப்பா.”

“தோட்டத்துக்குப் போயிருக்கா சார்” என்றார் முருகேசன், துண்டை முறுக்கிக்கொண்டே.

பொட்டுக்காரி இன்னும் ஒருதரம் வீறிட்டது. அதற்குமேல் பொறுக்காமல், தோட்டத்துக்குப் போயிருந்த பேச்சி குடிசைக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டாள். சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, பன்றியின் அருகில் குந்தி, அடிவயிற்றைத் தடவினாள். அது முனகிக்கொண்டே சரிந்து படுத்தது. நான் குச்சியை விட்டு எடுத்தேன். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சேலைத் தலைப்புக்குள் இருமினாள். இருமி முடிந்தும் மூச்சு நிலைக்கு வரவில்லை. சளி கட்டி நுரையீரல் கெட்டுப்போன மாடுகளைப் பார்த்த கண் என்னுடையது. மூச்சு விலாவில் தெரிந்தது. உதடு வெளுத்திருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது.

“எத்தனை நாளாம்மா காய்ச்சல்?”

“காய்ச்சலெல்லாம் இல்ல சார். மலைக் குளுரு ஒத்துக்கல.”

“ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே.”

“வேணாம் சார்.” குரலைத் தணித்துக்கொண்டாள். “பன்னிக்காரிக்குக் காய்ச்சல்னு தெரிஞ்சா, அந்தா நிக்கிறாகளே, அவுக கொட்டில்ல தீயவச்சிருவாக. பன்னியையெல்லாம் குழி தோண்டிப் பொதைச்சிருவாகளாமே. கசாயம் குடிச்சிருக்கேன். சரியாப்போயிரும்.”

“ஏலக்காயும் கற்பூரமும் முடிஞ்சு குடுத்திருக்கேன் சார்” என்றார் முருகேசன். அந்த ஊருக்கே பன்றியிடம் பயம். இவர்கள் இருவருக்கும் ஊரிடம் பயம். பன்றி வளர்ப்பவர்களுக்குப் பன்றிக் காய்ச்சலால் வந்த முதல் ஆபத்து அதுதான்.

நான் பெரிய டாக்டரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

“உரிமையாளர் நம்ம துறையில வரமாட்டாங்க” என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் ஐஸ் பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். வாயில் ஏதோ வந்தது. அதற்குள் அவர் பேச்சியின் பக்கம் திரும்பி, அதே டைப் அடிக்கும் குரலில் தொடர்ந்தார்.

“அம்மா. நீங்க எங்கேயோ யார்கிட்டயோ இருந்து காய்ச்சல் வாங்கிட்டு வந்திருக்கீங்க. இது உங்ககிட்ட இருந்து நம்ம ஜீவன்களுக்கு ஒட்டும். இந்தச் சினைப் பன்றிக்கு ஒட்டினா, காய்ச்சல்ல குட்டி கலைஞ்சு போயிடலாம். காய்ச்சல் உள்ள ஆள் கொட்டில்ல இருக்கக் கூடாதுன்னு விதி. பன்றியைக் காப்பாத்தறதுக்காக உத்தரவு போடறேன். நீங்க உடனே இங்கேயிருந்து கிளம்பணும்.”

பேச்சி கையைச் சட்டென்று பொட்டுக்காரியின் மேலிருந்து எடுத்தாள். சுடுகிற பாத்திரத்திலிருந்து எடுப்பதுபோல இருந்தது.

“என்னாலயா சார் அதுக்கு ஆபத்து?”

“ஆமா.”

“இத மொதல்லயே சொல்லக்கூடாதா?” என்று எழுந்துவிட்டாள். “வெரசா வண்டிய எடுங்க. ஏங்க, நீங்க கையக் கழுவிட்டுத்தான் தீனி வைக்கணும். அதுக்கு மட்டும் தனியா ஆறவச்சு வைங்க. மூஞ்சியில துணியக் கட்டிக்கங்க. கேக்குதா?”

துறை ஜீப்பில் அவளை ஏற்றினோம். படுதாவைச் சுருட்டிக் கட்டச் சொன்னார் பெரிய டாக்டர். எல்லோருக்கும் முகக்கவசம். ரோட்டில் நின்றவர்களிடம், “பன்றிகள் நலம். உரிமையாளரின் மனைவிக்குப் பிரசவப் பரிசோதனை” என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அன்றுதான். திரும்பும் வழியில் கேட்டேன்: “சார், அப்படி ஒரு உத்தரவு உண்மையிலேயே இருக்கா?”

“விதியில இருக்கு” என்றார். எந்த விதியில் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த மனிதர் உள்ளூர நம்மைவிடக் கெட்டிக்காரரா, அல்லது நிஜமாகவே பன்றிக்காகத்தான் சொன்னாரா என்று நான் தீர்மானிக்கும் முன் அவருக்கு மாறுதல் வந்துவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தவுடன் தனி வார்டில் சேர்த்து ஆக்ஸிஜன் வைத்தார்கள். பரிசோதனையில் பன்றிக் காய்ச்சல்தான் என்று ஆனது. இன்னும் ஓரிரு நாள் தள்ளியிருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்றார் அங்கிருந்த மருத்துவர். அடுத்தடுத்த கட்டில்களில் மேலும் சில பெண்கள் வந்து படுத்தார்கள். எல்லோரும் பேச்சி போகிற அதே ஜீப்பில் மலைக்குப் போனவர்கள். ஆயுசுக்கும் ஒரு பன்றியைத் தொட்டறியாதவர்கள். அதில் ஒருத்தி, நான் பன்னி மூஞ்சியில முழிச்சதுகூட இல்லையே என்று அழுதாள்.

மூன்றாம் நாளோ என்னவோ, நான் பார்க்கப் போனபோது முருகேசன் ஆஸ்பத்திரி கேட்டில் நின்றிருந்தார். பக்கத்தில் அந்த ஜீப்பின் டிரைவர் தங்கராசு. கழுத்தில் மப்ளர், கையில் கற்பூர முடிச்சு, வாய் நிறைய இருமல்.

“ஒம் பொண்டாட்டி பொழைக்கணுமா வேணாமா?” என்று முருகேசனைப் பிடித்துக்கொண்டிருந்தான். “அந்தச் சனியன்கள வீட்டுல வச்சுக்கிட்டு இங்க மாத்திரை முழுங்கி என்னா பிரயோசனம்? பொறக்கப்போற புள்ளையவும் அங்கதான் கொண்டுபோய்ப் போடப்போறியா? பன்னி இருக்கிற வரைக்கும் நான் அவள ஜீப்புல ஏத்தமாட்டேன், சொல்லிட்டேன்.” மறுபடி இருமினான்.

எனக்குப் பொறுக்கவில்லை. “பன்னியால வரலப்பா. உன் ஜீப்புலதான் பரவியிருக்கு. படுத்திருக்கிற ஆளுகளப் பாரு” என்றேன்.

“என்னா சார், படிச்சவக நீங்களே இப்பிடிப் பேசுறீக. பேரே பன்னிக் காய்ச்சல். ஜீப்புக் காய்ச்சல்னா பேரு வச்சிருக்கான்?” என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

முருகேசன் சிரிக்கவில்லை. “சார், நம்ம பன்னிகளோட டெஸ்டு முடிவு வந்துருச்சா?”

“இன்னும் வரலப்பா.”

“அப்ப நம்ம பன்னிக்கு நோவு இல்லேன்னு ஒங்களுக்கும் தெரியாதுல்ல சார்?”

தெரியாதுதான். என் அனுபவத்தில் அந்தப் பன்றிகளுக்கு ஒன்றுமில்லை என்று அடித்துச் சொல்லலாம். ஆனால் குழாய்கள் அனுப்பியிருக்கும்போது ஆய்வாளன் அடித்துச் சொல்லக் கூடாது. “முடிவு வரட்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனேன். பேச்சி முகக்கவசத்தை விலக்கப் பார்த்து, நர்ஸ் அதட்டவும் அப்படியே கேட்டாள்.

“பொட்டுக்காரி திங்குதா சார்?”

“நல்லாத் திங்குது.”

“நான் கெளம்பி வந்தது நல்லதாப்போச்சு” என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே முருகேசன் மலைக்கு அந்தப் பக்கத்துக் கறி வியாபாரியை வரவழைத்து, கொட்டிலில் இருந்த அத்தனையையும் லாரியில் ஏற்றிவிட்டார். பொட்டுக்காரி ஏற மறுத்திருக்கிறது. பேச்சி செய்வதுபோலவே அடிவயிற்றைத் தடவிப் படுக்கவைத்து, காலைக் கட்டித் தூக்கினாராம். அதை என்னிடம் அவரே சொன்னார். சொல்லும்போது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பேச்சிக்குக் காய்ச்சல் இறங்கியது. மாத்திரை வேலை செய்கிற நேரம் அது. ஆனால் முருகேசனுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. ஊருக்கும்தான். தங்கராசு தன் ஜீப்பில் அவரை ஏற்றி முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு வந்தான்.

அதன் பிறகுதான் முடிவு வந்தது. பெரிய டாக்டர் போனில் சொன்னார்: “நம்ம ஜீவன்கள் எல்லாம் சுத்தம். ஒண்ணுல கூட கிருமி இல்லை. உரிமையாளருக்குத் தெரிவிச்சுடுங்க.” பன்றிகள் போன விஷயத்தைச் சொன்னேன். “இருந்தாலும் தெரிவிக்கணும்” என்றார்.

தெரிவிக்கப் போனேன். பேச்சி வீடு திரும்பியிருந்தாள். கழுவி விடப்பட்ட காலிக் கொட்டிலின் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள், வயிறு மட்டும் இருந்தது. முருகேசன் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார்.

“முடிவு வந்துருச்சாக்கும்” என்று அவளே ஆரம்பித்தாள். “என் காய்ச்சல்தான அதுகளுக்கு ஒட்டிருச்சு? நான் அன்னைக்கே கெளம்பியிருக்கணும். ஒளிஞ்சுக்கிட்டு கெடந்து, அதுகளக் கெடுத்துட்டேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இப்படி ஒரு பழியை அவள் சுமக்கக் கூடாது என்று தோன்றியது. “இல்லம்மா. ஒண்ணுக்கும் ஒட்டல. ஒரு பன்னிக்குக்கூட நோவு இல்ல.”

“பொட்டுக்காரிக்கு?”

“அதுக்கும் இல்ல.”

என்னையே பார்த்தாள். “அப்ப நல்லா இருந்ததையா சார் ஏத்திவிட்டாரு?”

“ஆமாம்மா.”

ரோட்டில் போன ஒரு லோடு லாரியை, அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்துகொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“சார், இத அவருகிட்டச் சொல்லிராதீக” என்றாள். “எனக்காகத்தான் ஏத்திவிட்டாரு. ஏத்திவிட்டுட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்து, உள்ள விடமாட்டேன்னுட்டாக, சன்னல் வழியா நின்னு, இனிமே ஒனக்கு ஒண்ணும் ஆகாது பேச்சின்னு சொன்னாரு. அந்த மனுசன் அம்புட்டு தெம்பாப் பேசி நான் பாத்ததே இல்ல. நோவு புடிச்ச பன்னியத்தான் ஏத்தினோம்னே அவரு நெனச்சுக்கிட்டு இருக்கட்டும்.”

முருகேசன் குடத்தோடு வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் குடத்தை இறக்கி வைத்தார். இறக்கிய கையைத் துடைக்கக்கூட இல்லை.

“முடிவு வந்துருச்சா சார்?”

“வந்துருச்சுப்பா.”

“நோவு இருந்துச்சுல்ல?”

பேச்சி குனிந்து குடத்தின் வாயைத் துணியால் மூடிக்கொண்டிருந்தாள்.

“இருந்துச்சுப்பா” என்றேன். “எல்லாத்துக்கும் இருந்துச்சு. நல்லவேளை, ஏத்திவிட்டீங்க.”

முருகேசன் நெஞ்சில் கிடந்த மூச்சை விட்டார். மனைவியின் பக்கம் திரும்பினார்.

“நான் சொன்னேன்ல?”

“சொன்னீக” என்றாள் பேச்சி.